மேலேயிருந்து வந்தது

திரையில் அந்தக் கோடு எழும்பியபோது தயாளினி தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி, குடிக்கிற சூட்டுக்கு வந்துவிட்டதா என்று மேலுதட்டால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கடல் தன்பாட்டில் முணுமுணுத்துக்கொண்டிருந்த மெல்லிய நெளிவின் நடுவில், யாரோ கீழேயிருந்து கைவிட்டுத் தூக்கினமாதிரி ஒரு மேடு, அதற்குப் பின்னால் ஒரு பள்ளம், பிறகு சின்னச் சின்ன நடுக்கங்கள். எல்லாக் கோடுகளிலும் அதே மேடு. கோப்பையை வைக்க வேண்டும் என்று நினைத்தாள், வைக்கவில்லை. காதில் ஒன்றும் விழவில்லை. குடிலுக்குள் ஹீட்டர் உறுமுகிற சத்தம்தான். ஆனால் விலாவுக்குக் கீழே ஏதோ தொட்டுவிட்டுப் போனதே. போனதா, இல்லை கோட்டைக் கண்டபிறகு உடம்பு தானாக அப்படி நினைத்துக்கொண்டதா? உடம்பு பொய் சொல்லும். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடப் பிறப்பன்று ஊரே வாணம் விட்டபோது கட்டிலுக்கடியில் போய்க் கிடந்தாளே, அன்றைக்கு உடம்பு சொன்னதும் பொய்தான். பொய்யென்று அம்மா கட்டிலுக்கடியில் தலையை நீட்டிச் சொன்னபிறகும் அவளால் வெளியே வர முடியவில்லை. கம்பளத்தின் தூசி மூக்கில் ஏறியது இன்றைக்கும் ஞாபகமிருக்கிறது. இது அப்படியில்லை. இதைக் கண்டது அவளில்லை, கருவி. கருவிக்கு வன்னி யுத்தமும் தெரியாது, குண்டுக்குப் பதுங்குகிற பங்கரும் தெரியாது. கருவி எழும்பியதென்றால் ஏதோ ஒன்று எங்கோ நடந்திருக்கிறது.

இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒஸ்லோவில் தம்பியோடு இருக்கிற அம்மா தொலைபேசியில் கேட்டாள்: "காதுக்குக் கேக்காத சத்தத்தைக் கேக்கிறதுக்கும் சம்பளம் தருவினமோ, பிள்ளை?" தருகிறார்கள். நோர்வேயின் வட நுனியில், மரம் வளர மறுக்கிற மேட்டுநிலத்தில், இந்தக் குடிலைச் சுற்றி வட்டமாகக் காற்றழுத்த உணரிகளைப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் சிலந்திக் கால்களைப்போல நாலாபக்கமும் துளைக் குழாய்கள் ஓடும். அவை காற்றின் இரைச்சலை வாங்கித் தங்களுக்குள் அமுக்கிக்கொள்ள, மிச்சமாக வந்து சேருவது மனிதக் காது எட்டாத அடித்தொண்டைச் சத்தம். ஐஸ்லாந்தில் குமுறுகிற எரிமலை, சரியும் பனிமலை, நடுக்கடலில் ஒன்றோடொன்று மோதுகிற அலை, எங்கோ வெடிக்கிற வெடி. இருபது வருடத்துக்கு மேலாக, கோடையில் அணையாத சூரியனிலும் மாரியில் எழும்பாத சூரியனிலும், இந்த மேட்டுநிலம் ஓயாமல் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. எழும்பாத மாதம் இது. ஜன்னலுக்கு வெளியே மத்தியானம், ஆனால் வெயில் இல்லை. அடிவானத்தில் நீலம் கொஞ்சம் வெளுத்து, பனியெல்லாம் சலவை நீலம் போட்ட வேட்டியைப்போல் கிடந்தது. லெமிங் எலியொன்று ஒரு உணரியின் கேபிளைக் கடித்துவிட்டது என்றுதான் காலையில் ஊரிலிருந்து காரிலும், பிறகு பனிவண்டியிலும் வந்தாள். தோண்டி, வெட்டி, இணைத்து, விரல்கள் மரத்துப்போய், எல்லாக் கோடுகளும் திரும்ப உயிரோடு வந்ததைப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளைகள் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிளாஸ்கைத் திறந்தாள். திறந்திருக்கக் கூடாதோ. இணைக்காமல் விட்டிருந்தால் இந்தக் கோடு வந்திருக்காதோ. என்ன பைத்தியக்கார யோசனை. எலி கடித்த கேபிளா உலகத்தில் வெடிப்பதை எல்லாம் வெடிக்க வைக்கிறது?

திசையைக் காட்டுகிற முள் நகர்ந்து, தயங்கி, நின்றது. வடகிழக்கு. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கல்லுடைக்கிற சுரங்கமாக இருக்கும் என்று நினைத்தாள், சுரங்கம் தெற்கே. இராணுவம் பயிற்சி செய்கிற வெளியாக இருக்கும்; அது மேற்கே. வடகிழக்கில் என்ன இருக்கிறது? உறைந்த ஏரி. அதற்கப்பால் மேட்டுநிலம் சரிந்து கடற்கழிக்குள் இறங்குகிற இடம். அதற்கப்பால் துறைமுகம், மஞ்சளும் சிவப்புமாக மரவீடுகள், அவர்களுடைய மஞ்சள் வீடு, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மீன் பக்டரி, பக்டரிக்குள் உறைகுளிர்ப் பகுதி, உறைகுளிர்ப் பகுதிக்குள் அவள் புருஷன் ரூபன். அதற்கப்பால் கடல்தான், துருவம் வரைக்கும் கடல். கடலாக இருக்கட்டும், கடலாக இருக்கட்டும். ஆனால் முள் கடலையும் காட்டும், ரூபனையும் காட்டும், இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் அது என்ன செய்யும்? உறைகுளிர்ப் பகுதியின் கூரை முழுக்க அமோனியாக் குழாய்கள். ஒருமுறை எங்கோ சின்னதாகக் கசிந்து, ரூபன் கண்ணெல்லாம் சிவந்து வீட்டுக்கு வந்தான். "வெங்காயம் உரிச்சமாதிரித்தானப்பா, ஒண்டுமில்லை" என்றான். சட்டையைத் துவைத்தும் மணம் போகவில்லை. அமோனியா வெடிக்குமா? வெடிக்கும். காற்றோடு சரியான அளவில் கலந்தால் வெடிக்கும் என்று அன்றைக்கே தேடி வாசித்தாள். வாசித்திருக்கக் கூடாது. சில விஷயங்களை வாசித்துவைத்தால் அவை உள்ளேயே இருந்து தம்முடைய நாளுக்காகக் காத்திருக்கின்றன.

சத்தம் மெதுவாகத்தான் வரும். இதுதான் அவளுக்கு இந்த வேலையில் பிடிக்காத ஒன்று, யாரிடமும் சொன்னதில்லை. ஒளியைப்போல் உடனே வந்து சொல்லாது. மலை ஏறி, ஏரி கடந்து, தன்பாட்டில் நடந்து வரும். கோடு எழும்புகிற நேரத்தில் அங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அப்படியென்றால் அது நடந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கேபிளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேனா. கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேனா. நல்ல பிள்ளைகள் என்று சொன்னேனே, அப்போதா? பிளாஸ்க் மூடி இறுகிப்போயிருந்தது, இரண்டு முட்டிக்கும் நடுவில் வைத்துத் திருகினேன், அப்போதா? மூடியைத் திருகின அந்த நேரத்தில்தான் என்று மனம் எப்படியோ முடிவுகட்டிவிட்டது. முடிவுகட்டியதும் அந்த மூடியைப் பார்க்க முடியவில்லை. மேசையில் மல்லாந்து கிடந்தது, உள்ளே ஒரு துளி தேத்தண்ணியோடு. அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். காலையில் ரூபன் கடைசியாக என்ன சொன்னான்? கதவடியில் நின்று, சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு, "வரேக்க தேங்காய்ப்பால் ரின் ரண்டு வாங்கி வாரும், வீட்டில முடிஞ்சுது" என்றான். அவள் என்ன சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை, தலையாட்டினாள். அவன் குனிந்திருந்தான், தலையாட்டினதைக் கண்டிருக்கவே மாட்டான். அப்படியென்றால் அவன் பதிலில்லாமல் போயிருக்கிறான். தேங்காய்ப்பால் என்று சொல்லிவிட்டுப் பதிலில்லாமல் போன ஒருவன். சீ, என்ன நினைக்கிறாய்.

குடிலில் கைத்தொலைபேசிக்கு ஜன்னலோரம் மட்டும்தான் கொஞ்சம் சிக்னல் வரும். நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு ரூபனுக்கு எடுத்தாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கிறதென்றால் போன் உயிரோடு இருக்கிறது. போன் உயிரோடு இருக்கிறதென்றால்? போன் அலமாரிக்குள் இருக்கும், வேலைநேரத்தில் எல்லாரும் அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள், அது சட்டம். அலமாரி இருக்கிற அறை உறைகுளிர்ப் பகுதிக்கு மறுபக்கம். ஆக அலமாரி தப்பியிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். பக்டரி அலுவலகத்துக்கு எடுத்தாள். தொடர்பு பிஸி. திரும்ப எடுத்தாள். பிஸி. பிஸி என்றால் யாரோ கதைத்துக்கொண்டிருக்கிறார்கள், கதைக்க ஆள் இருக்கிறது, நல்லது. ஆனால் யாரோடு கதைக்கிறார்கள்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்டரி அலுவலகத்தில் யாருக்கு என்ன அவசரம்? தீயணைப்புப் படையோடா, ஆஸ்பத்திரியோடா? இல்லை, அவளைப்போல இன்னும் பத்துப் பெண்கள் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒரே இலக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கிறார்களா? கண்ணாடியின் குளிர் நெற்றிக்குள் ஆணிபோல் இறங்கியது. விலக்கவில்லை. வலிக்கட்டும், வலிக்கிற இடத்தில் யோசனை கொஞ்ச நேரம் நிற்கும்.

நிற்கவில்லை. போகக் கூடாது என்று அவள் நினைக்கிற இடத்துக்குத்தான் அது போயிற்று. மண் மணம். பங்கர் மண் எப்போதும் ஈரமாக இருக்கும், மேலே எவ்வளவு வெயில் எரித்தாலும். பத்து வயது. அப்பாவும் பக்கத்து வீட்டுச் சின்னராசா மாமாவும் மண்ணெண்ணெய் வாங்கச் சந்திக்குப் போயிருந்தார்கள், இரண்டு பேரும் இரண்டு சைக்கிளில், கதைத்துக் கதைத்து. குண்டு போடுகிற பொம்மர் வந்தது. வந்து சுற்றியது. அம்மா அவளையும் தம்பியையும் பங்கருக்குள் தள்ளிவிட்டுத் தானும் இறங்கினாள். பின்னாலேயே நேசம் மாமி, சின்னராசா மாமாவின் மனைவி, கையில் கழுவின அரிசியோடு. குண்டு விழுந்த சத்தத்தைக் காது கேட்பதற்கு முன்னால் முதுகு கேட்டது. பங்கர்ச் சுவரில் சாய்ந்திருந்த முதுகை யாரோ ஒருமுறை தள்ளினார்கள், அவ்வளவுதான். மண் பொலபொலவென்று தம்பியின் தலையில் கொட்டியது. அதற்குப் பிறகுதான் சத்தம். "சந்திப் பக்கம்" என்றாள் நேசம் மாமி. அம்மா, "இல்லை, குளத்துப் பக்கம்" என்றாள். இரண்டு பேரும் மாறிமாறி அதையே சொன்னார்கள், சண்டை பிடிக்கிறமாதிரி. சந்திப் பக்கம், குளத்துப் பக்கம். அன்றைக்கு அவர்களிடம் முள் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? இவளிடம் இருக்கிறதே, இவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள்?

தொலைபேசி அடித்தது. ரூபன் இல்லை, தெற்கே தலைமை அலுவலகத்திலிருந்து யோரூன், இவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள், ஓய்வுபெற இன்னும் கொஞ்சக் காலமே இருக்கிறவள். "தயா, நீ குடிலில்தானே இருக்கிறாய்? பார்த்தாயா?" என்றாள். குரலில் பிறந்தநாள் பிள்ளையின் துள்ளல். "பார்த்தேன்." "எவ்வளவு அழகு! இவ்வளவு சுத்தமான ஒன்றைக் கண்டு எத்தனை வருடம்!" அழகு. தயாளினி அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றாள், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "வடகிழக்கு" என்றாள். "அங்கே எங்கள் ஊர், யோரூன். ரூபன் பக்டரியில் இருக்கிறான். போன் எடுக்கவில்லை." அந்தப் பக்கத்தில் துள்ளல் சட்டென்று நின்றது. "தயா, நான் சொல்வதைக் கேள். திசையை விடு. அதற்குக் கீழே இருக்கிற இலக்கத்தைப் பார். வட்டத்தைக் கடந்த வேகத்தைப் பார்த்தாயா?" பார்க்கவில்லை. எத்தனையோ வருடமாக முதலில் திசை, உடனே வேகம் என்று பழகிய கண் இன்றைக்குத் திசையிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தரையோடு வருகிற சத்தம் ஒரு உணரியைத் தொட்டு, நடந்து போய் அடுத்ததைத் தொடும். உயரத்திலிருந்து இறங்குகிற சத்தமோ மழையைப்போல எல்லாவற்றின் மேலும் ஏறக்குறைய ஒன்றாக விழும். அதனால் வட்டத்தை ஓடிக் கடந்தமாதிரித் தெரியும். இலக்கத்தைப் பார்த்தாள். ஓடிக் கடந்திருந்தது. "பார்த்தாயா? இது தரையில் நடந்ததே இல்லை. மேலேயிருந்து வந்தது, தயா, மேலேயிருந்து! நான் மற்ற நிலையங்களிலும் கேட்டுவிட்டு, உன் ஊர்ப் பொலிசுக்கும் எடுத்துப் பார்க்கிறேன். நீ அங்கேயே இரு" என்று வைத்துவிட்டாள், ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தியோடு.

மேலேயிருந்து. யோரூனுக்கு அது ஆறுதல். யோரூனுடைய வானத்திலிருந்து மழை விழும், பனி விழும், பச்சையாய்த் துருவ ஒளி இறங்கும், எப்போதாவது ஒரு கல் எரிந்து விழும். விண்கல்லாக இருக்கும், கடலுக்கு மேலே உயரத்தில் வெடித்திருக்கும் என்று தயாளினிக்குள் இருந்த படித்தவள் ஒருத்தியும் சொன்னாள், தெளிவாகத்தான் சொன்னாள், ஆனால் பெரிய சபையில் பின்வரிசையில் இருந்து கைதூக்கிச் சொல்கிறவளைப்போல. முன்வரிசையில் இருந்தவளுக்குப் பத்து வயது, அவளுக்கு வானத்தைப்பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று. தரையில் நடந்ததென்றால் ஒரு குழாய், ஒரு கசிவு, ஒரு மூலை. மற்ற மூலையில் ரூபன் நின்றிருக்கலாம். மேலேயிருந்து வருவது மூலை பார்த்து வராது. எல்லைக்கு அப்பால் இருக்கிற நாடு நடத்துகிற யுத்தத்தைப்பற்றிப் பக்டரிக்காரர்கள் சாப்பாட்டு மேசையில் கதைப்பதாக ரூபன் சொல்வான். இஞ்சயெல்லாம் வராது என்று அவனே முடிப்பான். இஞ்சயெல்லாம் வராது என்று எல்லா ஊரிலும் யாரோ ஒருவர் சொல்லித்தான் இருக்கிறார்கள். ஜாக்கெட்டை எடுத்தாள். பனிவண்டிச் சாவி. போய்விடலாம். ஆனால் ஜன்னலை விட்டு நகர்ந்தால் சிக்னல் இல்லை, வழி நெடுகச் சிக்னல் இல்லை, அவன் எடுக்கிற நேரத்தில் அவள் மலையில் இருப்பாள். நிற்பதா, போவதா? ஜாக்கெட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றாள். வெளியே நீலம் அப்படியே இருந்தது. வானத்தை அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருடம் இந்த வானத்தின் கீழ் வாழ்ந்தும், பொழுதுபோக்காக அதை அண்ணாந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ரூபனும் பார்க்கமாட்டான். துருவ ஒளி வந்தால் ஊரே வெளியில் நிற்கும், அவர்கள் இரண்டு பேரும் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படம் பார்ப்பார்கள். அதைப்பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. ரூபன் யுத்தத்தைப்பற்றிக் கதைக்கவேமாட்டான். எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு என்பான். அவன் குறட்டை விட்டு நித்திரை கொள்கிறதைப் பார்த்து, உண்மையாகவே மறந்துவிட்டான் போல என்று சில வேளை பொறாமைகூடப் பட்டிருக்கிறாள்.

கையில் அதிர்ந்தது. தெரியாத இலக்கம். எடுக்கப் பயந்தாள். இலக்கம் தெரியாதவர்கள்தான் இப்படியான செய்தியைச் சொல்லுவார்கள். விரல் தானாக அழுத்தியது. "தயா?" என்றது ரூபனின் குரல். "தயா, நான்தான். இது இங்கெரின்ர போன். என்ர போன் உள்ளுக்க மாட்டுப்பட்டுப்போச்சு, ஒருத்தரையும் உள்ளுக்க விடுகினமில்லை." குரல் வந்துவிட்டது, அது போதும், சொற்கள் பிறகு வரட்டும் என்று இருந்தது. "தயா, கேக்குதே? ஹலோ?" "ம்" என்றாள். "சுகமா இருக்கிறீங்களோ? கையெல்லாம், காலெல்லாம்?" "எனக்கு ஒண்டுமில்லையப்பா. நீர் கண்டிருக்கமாட்டீர். வானத்தில, கடலுக்கு மேல, பச்சையா ஒரு வெளிச்சம் ஓடிவந்தது. பகல் மாதிரி. படகெல்லாத்தின்ர நிழலும் தரையில விழுந்து நகர்ந்துது, அப்பிடி ஒரு வெளிச்சம். நாங்கள் சாப்பாட்டு நேரமெண்டு இறங்குதுறையில நிண்டனாங்கள். எல்லாரும் ஆவெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறம். அது போய் மறைஞ்சு, சரி முடிஞ்சுதெண்டு திரும்பிக் கதைக்கத் தொடங்கின நேரத்தில தான் வந்துது சத்தம்." நிறுத்தினான். மூச்சு வாங்குவது கேட்டது. "என்ன சத்தமப்பா. ஜன்னலெல்லாம் கலகலவெண்டுது. பக்டரிச் சங்கு தானா ஊதத் தொடங்கிட்டுது. அதுதான் எல்லாரையும் முற்றத்தில நிப்பாட்டிப் பேர் கூப்பிட்டு, குழாயெல்லாம் பாக்கும்வரைக்கும் உள்ளுக்க விடாமல் வைச்சிருக்கினம்." "அமோனியா?" "ஒரு கசிவும் இல்லையாம். விண்கல்லாம், கடலுக்கு மேல எங்கயோ சிதறிட்டுதாம். ரேடியோவில சொல்லுறாங்கள்."

"ஆருக்காவது?" என்றாள். வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை." "ஒருத்தருக்குமே?" "ஒருத்தருக்கும் இல்லை, தயா. ரண்டு ஜன்னல் வெடிச்சுதாம் பள்ளிக்கூடத்தில, பிள்ளையள் எல்லாம் முற்றத்தில நிண்டதுகள், ஒரு கீறல்கூட இல்லை." "படகில போனவை?" "எல்லாரும் படகு ரேடியோவில கதைச்சிட்டினம். தயா, ஏன் குசுகுசுக்கிறீர்? பக்கத்தில ஆரும் நிக்கினமோ?" யாருமில்லை. சுற்றிவரக் கண்ணுக்கு எட்டின மட்டும் பனி. மனிதர் என்று சொல்ல அடுத்த ஆள் ஏரிக்கு அப்பால். ஆனால் அவள் குசுகுசுத்துக்கொண்டுதான் இருந்தாள். இடது கை வாயை மூடிக்கொண்டிருந்தது. எப்போது போய் மூடியதோ தெரியவில்லை. கையை எடுக்கப் பார்த்தாள். கை வரவில்லை. அது அவளுடைய கை இல்லை, அம்மாவுடைய கை. அன்றைக்குப் பொழுதுபடுகிற நேரத்தில் வேலிப் படலையடியில் அப்பா வந்து நின்றார். உடம்பெல்லாம் புழுதி, முகம் மட்டும் எங்கோ கழுவினமாதிரி. அவள் "அப்பா" என்று கத்திக்கொண்டு எழும்பினாள். எழும்பினவளை அம்மா பின்னாலிருந்து இழுத்து வாயைப் பொத்தினாள், பல்லில் இரத்தம் கசிகிறமாதிரி. ஏனென்றால் அப்பா இரண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். ஒரு கையில் ஒன்று, மற்றக் கையில் ஒன்று. நேசம் மாமி வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று அந்த இரண்டாவது சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த அழுகை. அன்று முழுக்க அவர்கள் வீட்டில் யாரும் அப்பாவைத் தொடவில்லை, நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று சொல்லவில்லை. தம்பி ஒருமுறை சிரித்தான், சின்னப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும். அம்மா அவனைக் கிள்ளி உள்ளே கூட்டிப்போனாள். அப்பா பிறகு இந்த நாட்டுக்கு வந்து, இதே பக்டரியில் மீன் வெட்டி, பென்ஷன் எடுத்து, வெள்ளைத் தலையணையில் நித்திரையிலேயே போய்ச்சேர்ந்தார். அந்தப் பின்னேரம் திரும்பி வந்ததற்காக அவரை யாரும் ஒரு நாளும் கட்டிப்பிடிக்கவில்லை. கட்டிப்பிடிக்க நேரமே வரவில்லை. பக்கத்து வீட்டில் அழுகை ஓய்வதற்குள் அடுத்த வீட்டில் தொடங்கிவிட்டது.

இன்றைக்கு எந்த வீட்டில் அழுகிறார்கள்? அவள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தாள், மனதுக்குள், அந்த மரவீடுகளின் தெரு நெடுக, சிவப்பு வீடு, மஞ்சள் வீடு, பாதிரியாரின் வெள்ளை வீடு, சிரிய நாட்டிலிருந்து வந்த குடும்பம் இருக்கிற கீழ்வீடு. ஒரு வீட்டிலும் இல்லை. வானத்திலிருந்து ஒன்று எரிந்துகொண்டு வந்து, ஊரையே உலுக்கி, யாரையும் தொடாமல் கடலுக்குள் போய்விட்டது. இப்படியும் ஒன்று நடக்குமா? நடந்திருக்கிறது. கருவியே எழுதிவைத்திருக்கிறது. "தயா, லைனில நிக்கிறீரோ?" "நிக்கிறன்" என்றாள், குரல் எங்கேயோ அடியிலிருந்து முழுசாக வந்தது, குடிலின் பலகையில் பட்டுத் திரும்பியது. அவளே திடுக்கிட்டாள். "எனக்கும் வந்துது, ரூபன். இஞ்ச வந்துது. திரையில பாத்தனான். உங்கட பக்கத்தைத்தான் காட்டினது. நான்..." அழுகை வருகிறதென்று நினைத்தாள், வந்தது வேறு ஏதோ, மூக்காலும் வாயாலும் ஒன்றாக. "நான் பிளாஸ்க் மூடியைக் கவிட்டு வைச்சன்." "என்னத்தை வைச்சனீர்?" "மூடியை. அதை விடுங்கோ."

ரூபனுக்குப் பின்னால் ஆட்களின் சத்தம், யாரோ நோர்வே மொழியில் எதையோ சொல்ல, பலபேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம், கடற்புறாக்கள். "தயா, ஒண்டு சொல்லுறன், சிரிக்கக்கூடாது" என்றான் தணிந்த குரலில். "சத்தம் வந்த உடன நான் விழுந்து படுத்திட்டன்." அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "என்ன செய்யிறனெண்டே தெரியாது. குப்புற, கையைத் தலைக்கு மேல கட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு. அப்பிடித்தானே அப்ப சொல்லித் தந்தவை, வாயைத் திறந்து வைச்சிருக்கச் சொல்லி. இத்தனை வருசம். மறந்துபோச்செண்டு நினைச்சன், தயா. மறக்கேல்ல." "ம்" என்றாள். "நான் படுத்ததைக் கண்டு, எங்கட இங்கெர், உந்த மேற்பார்வைக்காரப் பெட்டை, ஏதோ சட்டமாக்கும் எண்டு நினைச்சு அவளும் பக்கத்தில படுத்திட்டாள். அவள் படுத்த உடன மற்றவையும். லித்துவேனியாக்காரர், தாய்லாந்துக்காரியள், எல்லாரும். நான் தலையைத் தூக்கிப் பாக்கிறன், முழுப் பக்டரியும் இறங்குதுறையில குப்புறக் கிடக்குது, தலைக்கு வலை போட்டபடி, ஏப்ரனோட, வரிசையா. கொட் மீன் அடுக்கினமாதிரி." அவன் குரல் உடைந்தது. உடைந்ததற்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. கலியாணம் கட்டின இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள் கேட்டிராத ஒரு சிரிப்பு, பொடியன் சிரிப்பு, மூச்சு முட்டுகிற சிரிப்பு. "எழும்பி நிண்டாப் பிறகு இங்கெர் கேட்டாள், இதை எங்க படிச்சனீ எண்டு. நான் சொன்னன், தயா. முதல்தரம் ஒருத்தருக்குச் சொன்னன். எல்லாரும் நிண்டு கேட்டவை. ஒருத்தரும் சிரிக்கேல்ல. பிறகு நானே சிரிச்சிட்டன். பிறகு எல்லாரும்."

அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். மாட்டாத ஜாக்கெட்டுக் கை தரையில் இழுபட, ஜன்னல் கண்ணாடியில் மூச்சு வட்டம் பெரிதாகிக்கொண்டுபோக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஊர் கேட்கிறமாதிரி. யோரூன் மறுபடி எடுக்கிறாள் என்று போன் இடையில் டொக் டொக்கென்றது. காத்திருக்கட்டும், அவள் நல்ல செய்தியோடுதான் வருவாள், நல்ல செய்திக்கு அவசரமில்லை. "சரி, போனைக் குடுக்கவேணும், இங்கெர் பாத்துக்கொண்டு நிக்கிறாள்" என்றான் ரூபன், கண்ணைத் துடைக்கிற குரலில். "முகத்தைக் கழுவவேணும். விழுந்த இடம் மீன் கழுவுற இடம் பாரும், கன்னமெல்லாம் செதில், மூக்கில, புருவத்தில, மின்னிக்கொண்டு நிக்கிறன்."

"கழுவாதேங்கோ" என்றாள் தயாளினி, சாவியை எடுத்துக்கொண்டே. "நான் வந்து பாக்கவேணும்."